இத்தாலியன், ஹீப்ரு: தமிழர் கற்கப் போனால் எது எங்கே மடக்கும்

புதிதாக ஒரு மொழி கற்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ‘எந்த மொழி எளிது’ என்ற பட்டியலைத்தான். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் தூதரக ஊழியர்களுக்காகப் போட்டுவைத்த கணக்கிலிருந்து வந்தவை. அதன்படி முழுநேரமாகப் படித்தால் இத்தாலியனுக்குச் சுமார் 24 வாரம், ஹீப்ருவுக்கு 44 வாரம். இதைப் பார்த்தவுடன் ஹீப்ருவை ஓரமாக வைத்துவிடத் தோன்றும். ஆனால் அதே பட்டியலில், ஹீப்ரு இருக்கும் அதே 44 வார வரிசையில்தான் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவரிடமிருந்து எந்த மொழி எவ்வளவு தூரம் என்று அளந்த கோல் அது. நம் வாசலிலிருந்து அளந்தால் தூரம் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹீப்ரு முதல் சில மாதங்கள் முகங்கொடுத்துப் பேசாது, அதன்பின் இறங்கிவரும். இத்தாலியன் முதல் நாளே கைபிடித்து அழைத்துப்போகும், ஓராண்டு கழித்துத்தான் மேடு தொடங்கும். எது எளிது என்பதைவிட, மேடு உங்களுக்கு எப்போது வந்தால் சமாளிப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

எழுத்தில் இத்தாலியனுக்குப் போட்டியே இல்லை. சொந்த எழுத்துகள் 21. எழுதியதை அப்படியே படிக்கலாம், கேட்டதை அப்படியே எழுதலாம். தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ‘சி’ எழுத்தை அடுத்து இ, எ வந்தால் ‘ச்ச’ ஒலி, மற்ற உயிர் வந்தால் ‘க’. நடுவில் ‘ஹெச்’ நுழைந்தால் மறுபடி ‘க’. ‘ஜி’ எழுத்துக்கும் இதே கதைதான். ‘ஜி’யும் ‘என்’னும் சேர்ந்தால் நம்முடைய ‘ஞ’. பாஞ்ஞோ என்றால் குளியலறை, ஸிஞ்ஞோரா என்றால் அம்மையார். இரண்டு நாளில் எழுத்துப் பாடம் முடிந்துவிடும். எழுத்து காட்டாத ஒன்று அழுத்தம். ‘ஆங்கோரா’ என்று முதல் அசையை அழுத்தினால் நங்கூரம், ‘அங்கோரா’ என்று நடு அசையை அழுத்தினால் ‘இன்னும்’. பெரும்பாலான சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழும். கடைசி அசையில் விழுந்தால் மட்டும் கட்டாயமாகக் குறி போடுவார்கள். மற்றவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஹீப்ருவில் 22 எழுத்து, எல்லாமே மெய். வலமிருந்து இடமாக ஓடும், எண்கள் மட்டும் இடமிருந்து வலம். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் இறுதியில் வேறு வடிவம் உண்டு. உயிரொலியைக் காட்ட நிக்குத் என்ற புள்ளிகளும் கோடுகளும் இருக்கின்றன. ஆனால் அவை குழந்தைகள் புத்தகத்திலும் கவிதையிலும் பிரார்த்தனை நூலிலும்தான் வரும். நாளிதழ், பெயர்ப்பலகை, குறுஞ்செய்தி எதிலும் கிடையாது. எழுத்து வடிவத்தைக் கற்க இரண்டு வாரம் போதும். புள்ளி இல்லாமல் படிக்கப் பழகுவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

ஒரு சொல்லைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஸாமெஹ், பே, ரேஷ் என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கிறது. ஸேஃபெர் என்று படித்தால் புத்தகம். ஸப்பார் என்றால் முடிதிருத்துபவர். ஸாஃபார் என்றால் எண்ணினான். ஸப்பேர் என்றால் ‘சொல்லு’. எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். ‘சொன்னான்’ என்ற பொருள்தரும் ஸிப்பேர் முன்பு இதே கூட்டத்தில் இருந்தது. இப்போது புள்ளியில்லா எழுத்தில் நடுவே யோத் எழுத்தைச் சேர்த்து எழுதுவது ஹீப்ரு மொழி அக்காடமியின் விதி. அதனால் ஒரே சொல் புள்ளியோடு எழுதும்போது ஒரு மாதிரியும் புள்ளியில்லாதபோது இன்னொரு மாதிரியும் இருக்கும். அகராதியில் தேடிக் கிடைக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை முதல் வாரத்திலேயே ஜோடி ஜோடியாக எடுத்து எழுதிப் பழக வேண்டும். பேத்–காஃப், ஹே–ஹேத், இறுதி மேம்–ஸாமெஹ், தாலெத்–ரேஷ். கடைசி ஜோடிதான் அதிகம் ஏமாற்றும். தாலெத்தின் வலது மேல்முனையில் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷ் அதே இடத்தில் வளைந்து இறங்கும். எஹாத் என்றால் ‘ஒன்று’, அஹேர் என்றால் ‘வேறு’. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு மூலைதான். யூதரின் வேதமான தோராவின் சுருள்களில் உபாகமம் 6:4-இல் ‘கர்த்தர் ஒருவரே’ என்று வரும் இடத்தில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு. குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே அப்படி என்று விளக்கம் சொல்வார்கள். இது போதாதென்று கையெழுத்துக்குத் தனி வடிவமும் இருக்கிறது. அச்சு வடிவம் கைவந்தபின் அதைத் தொடங்கினால் போதும், ஒரே சமயத்தில் இரண்டையும் எடுத்தால் இரண்டும் குழம்பும்.

ஹீப்ருவை ரோமன் எழுத்தில் கற்றுத்தரும் புத்தகத்தை வாங்காதீர்கள். இன்றைய பேச்சில் தேத்தும் தாவும் ஒரே ஒலி, காஃபும் கோஃபும் ஒரே ஒலி, ஆலெஃபும் ஆயினும் பெரும்பாலோர் வாயில் ஒலிப்பதே இல்லை. காரா என்று காதில் விழுவது ‘படித்தான்’ ஆகவும் இருக்கலாம், ‘நடந்தது’ ஆகவும் இருக்கலாம். கடைசி எழுத்து ஆலெஃபா ஹேயா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ரோமனில் படித்தவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படாது, வேர்ச்சொல்லும் பிடிபடாது, நான்காம் மாதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இதில் நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ‘கல்’ என்னும்போது ககரம் வல்லோசை, ‘அகல்’ என்னும்போது அதே எழுத்து மெலிகிறது. இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றுவது நமக்குப் பழகிய வேலை. ஹீப்ருவின் பேத், காஃப், பே மூன்றும் இதே குணம் கொண்டவை. சொல்லின் தொடக்கத்தில் காஃப் ‘க’. உயிருக்குப் பின் பெரும்பாலும் தொண்டையிலிருந்து வரும் ‘ஹ்’. கோத்தேவ் (எழுதுகிறவன்), மிஹ்தாவ் (கடிதம்) இரண்டிலும் இருப்பது ஒரே காஃப்தான். ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி என்று எதிர்பார்த்து வருபவருக்கு இது எரிச்சல், நமக்கு இல்லை.

வாய்க்கு வருவோம். இத்தாலியனில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். பாலா என்றால் மண்வெட்டி, பல்லா என்றால் பந்து. நோனோ ஒன்பதாவது, நோன்னோ தாத்தா. வயதைச் சொல்லும் ‘அன்னி’ என்ற சொல்லில் ஓர் ஒற்றை விட்டுவிட்டால் அவையில் சொல்லத் தகாத சொல்லாகிவிடும். குறில் நெடிலும் ஒற்றும் பார்த்துப் பேசும் நமக்கு இது பிறவி வரம். ஆனால் வல்லின எழுத்துகளில் நாமும் சறுக்குவோம். உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் தமிழ் நாக்கு அதைத் தானாக மெலிதாக்கும். இத்தாலியனில் ஒற்றைத் ‘த’வும் கடினமாகவே ஒலிக்க வேண்டும். கடினமாக்குகிறேன் என்று இரட்டித்தால் வேறு சொல்லாகிவிடும்: ‘ஃபாதோ’ விதி, ‘ஃபாத்தோ’ செய்தது. இந்த நடு ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுத வழியில்லை. ஆகவே நோட்டில் இத்தாலியச் சொற்களைத் தமிழில் குறித்துவைத்துப் படிக்காதீர்கள். (இந்தக் கட்டுரையே அதைத்தான் செய்கிறது, வேறு வழியில்லை.)

ஆங்கிலப் பாடநூல் வழியாக வருபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, எல்லாவற்றையும் ‘ட’ என்று ஒலிப்பது. இத்தாலியத் ‘த’ பல்லைத் தொடுவது, நம் தகரமேதான். ‘டூட்டோ’ அல்ல, ‘தூத்தோ’. ஹீப்ருவில் சிரமம் வேறு. மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம், அவற்றின் வாலில் குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளும். ‘யெலெத்’ (பையன்) நம் வாயில் ‘யெலெது’ ஆகும். தொடக்கத்திலேயே இரண்டு மெய் வந்தால் நடுவில் ஓர் இகரத்தைச் செருகுவோம்: ‘க்தோவெத்’ ‘கிதோவெத்’ ஆகும். பதிவுசெய்து கேட்டால்தான் தெரியும், பேசும்போது நம் காதுக்கே படாது.

இலக்கணத்தில்தான் அந்த 44 வாரக் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகிறது. ‘நான் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நடுவே வினை எதுவும் இல்லை. ஹீப்ருவில் ‘அனி மோரே’. அங்கும் இல்லை. இத்தாலியனில் அந்த இடத்தில் ‘ஸோனோ’ கட்டாயம். ‘எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது’ என்ற நம் அமைப்பு ஹீப்ருவில் அப்படியே ‘யேஷ் லீ ஸேஃபெர்’. லீ என்றால் ‘எனக்கு’. இல்லை என்று சொல்ல ‘ஏன் லீ ஸேஃபெர்’. (அங்கே ‘ஏன்’ என்றால் ‘இல்லை’. கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.) ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’ என்று ஒரு தனி வினை நம்மிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. இத்தாலியனில் உண்டு, வயதைக்கூட அந்த வினையால்தான் சொல்ல வேண்டும். ‘எனக்கு இருபது வயது’ என்பதற்கு ‘இருபது ஆண்டுகளை வைத்திருக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பு. ஹீப்ருவில் ‘நான் இருபதின் மகன்’, பெண்ணானால் ‘இருபதின் மகள்’.

இதைவிடப் பெரிய ஒற்றுமை இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது. ‘புத்தகம் படிக்கிறேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தைப் படிக்கிறேன்’ என்றால் தெரிந்த, குறிப்பிட்ட புத்தகம். ஹீப்ருவில் ‘அனி கோரே ஸேஃபெர்’ முதலாவது, ‘அனி கோரே எத் ஹா-ஸேஃபெர்’ இரண்டாவது. அந்த ‘எத்’ குறிப்பிட்ட செயப்படுபொருளுக்கு முன்னால் மட்டும் வரும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதற்கு மொழிபெயர்ப்பே இல்லை என்று மாதக்கணக்கில் திணறுவார்கள். தமிழருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ‘ஐ’ உருபு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

இத்தாலியனும் வெறுங்கையோடு வரவில்லை. ‘பார்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’, விகுதியிலேயே ஆள் தெரிவதால் ‘நான்’ தேவையில்லை. ‘மி பியாச்சே’ என்பது நம் ‘எனக்குப் பிடிக்கும்’. பிடித்த பொருள்தான் எழுவாய் என்பதால் அது பன்மையானால் வினையும் ‘பியாச்சோனோ’ ஆகும், அதை மட்டும் கவனித்தால் போதும். வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கத்தை இரண்டு மொழிக்குமே விட வேண்டும். பெயரடை இரண்டிலும் பெயருக்குப் பின்னால் வரும். இத்தாலியனில் சில பெயரடைகள் முன்னாலும் வந்து பொருளை மாற்றும். ‘வெக்கியோ’வை நண்பருக்கு முன்னால் போட்டால் பழைய நண்பர், பின்னால் போட்டால் வயதான நண்பர்.

ஹீப்ருவின் முதுகெலும்பு மூன்றெழுத்து வேர். க-த-ப என்ற வேரிலிருந்து கத்தாவ் (எழுதினான்), மிஹ்தாவ் (கடிதம்), க்தோவெத் (முகவரி), ஹிஹ்தீவ் (சொல்லி எழுதவைத்தான்), ஹித்கத்தேவ் (கடிதத் தொடர்பு வைத்திருந்தான்) எல்லாம் கிளைக்கின்றன. வேரை ஊற்றும் வினை அச்சுகள் ஏழு, பின்யான் என்பார்கள். ‘ஏழு’ என்று கேட்டதும் பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். அதில் இரண்டு செயப்பாட்டு வினைக்கானவை, பேச்சில் அபூர்வம். மிச்சம் ஐந்து. அந்த ஐந்தின் வேலையில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்ததே. ஷாவார் உடைத்தான், நிஷ்பார் உடைந்தது. நிஹ்னாஸ் நுழைந்தான், ஹிஹ்னீஸ் நுழைத்தான். லாமாத் கற்றான், லிமேத் கற்பித்தான். தன்வினை பிறவினை என்று பள்ளியில் படித்த அதே பாடம். வித்தியாசம், நாம் வாலில் மாற்றுவதை அவர்கள் தலையிலும் வயிற்றிலும் மாற்றுகிறார்கள். தொல்லை தருபவை மெலிந்த வேர்கள். நத்தான் (கொடுத்தான்) எதிர்காலத் தன்மையில் ‘எத்தேன்’ ஆகும்போது வேரின் முதல் எழுத்தான நூன் காணாமல் போய்விடும். இப்படிப்பட்ட வினைகள்தான் தினப் பேச்சில் அதிகம், ஆகவே விதியைத் தேடாமல் முதலில் ஒரு இருபது வினைகளை முழுசாக நெட்டுருப் போட்டுவிடுவது நல்லது. பெஅலிம் என்ற இணையதளம் ஒவ்வொரு வினையின் எல்லா வடிவங்களையும் புள்ளியோடு தரும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஹீப்ரு வினை படிப்பது வீண் உழைப்பு.

காலம் ஹீப்ருவில் மூன்றே மூன்று. நிகழ்காலத்துக்கு நான்கு வடிவம் போதும்: கோத்தேவ், கோத்தேவெத், கோத்வீம், கோத்வோத். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பேதமே அங்கு இல்லை, ஆண் பெண், ஒருமை பன்மை மட்டும். ஆனால் அந்த ஆண் பெண் பேதம் தன்மையிலும் வரும். ‘நான் எழுதுகிறேன்’ என்பதை ஆண் ஒரு விதமாகவும் பெண் வேறு விதமாகவும் சொல்ல வேண்டும். ஆண் குரல் ஒலிப்பதிவை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பெண்கள் தங்களை ஆணாகவே பேசப் பழகிவிடுகிறார்கள். பாடத்தொகுப்பு தேர்ந்தெடுக்கும்போது இரண்டு குரலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உயிரற்றவற்றுக்கும் பால் உண்டு என்பது இரண்டிலும் நம்மைச் சோதிக்கும். அஃறிணை என்ற வசதியான கூடை அங்கே கிடையாது. இத்தாலியனில் ‘ஓ’ முடிவு பெரும்பாலும் ஆண், ‘ஆ’ முடிவு பெண். ஆனால் கை (மானோ) பெண், ‘ப்ரோப்ளேமா’ ஆண். ஹீப்ருவில் எண்ணுப்பெயர் வேறு தலைகீழாக நிற்கும்: பெண்பால்போல் தோன்றும் ‘ஷ்லோஷா’ ஆண்பாலுக்கு, மொட்டையான ‘ஷாலோஷ்’ பெண்பாலுக்கு. இஸ்ரேலில் பிறந்து வளர்ந்தவர்களே பேச்சில் இதைத் தப்பவிடுவதுண்டு, ஆகவே ரொம்பவும் வருந்த வேண்டாம்.

இத்தாலியனின் மேடு இடைநிலைக்குப் பின் வருகிறது. இறந்தகாலத்துக்கு ‘அவேரே’ துணைவினையா ‘எஸ்ஸெரே’ துணைவினையா என்பது முதல் முட்டுக்கட்டை. சாப்பிட்டதற்கு முன்னது, போனதற்குப் பின்னது. பின்னது வந்தால் எச்சம் எழுவாயின் பாலுக்கு ஏற்ப மாறும்: அந்தாத்தோ, அந்தாத்தா. அடுத்தது ஒட்டுப் பெயர்கள். ‘அதை அவனுக்குக் கொடுக்கிறேன்’ என்பது ‘ல்யேலோ தோ’ என்று இரண்டே சொல்லாகச் சுருங்கும், காதில் விழுவதற்குள் போய்விடும். ‘சி’, ‘நே’ என்ற இரண்டு துணுக்குகள் வேறு எங்கே வரும் எங்கே வராது என்று ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும். நினைக்கிறேன், நம்புகிறேன் என்று தொடங்கினாலே அடுத்த வினையை ‘கொஞ்ஜுந்தீவோ’ என்ற, ஐயமும் கருத்தும் காட்டும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பேசிப் பேசியே கற்றவர் நாவல் ஒன்றைத் திறந்தால், பேச்சில் அதிகம் கேட்டிராத ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்ற தொலை இறந்தகாலம் பக்கத்துக்குப் பக்கம் நிற்கும். மரியாதைக்கு ‘லேய்’, அதன் நேர்ப்பொருள் ‘அவள்’. ஆணிடம் பேசினாலும் அதுதான். ஹீப்ருவில் இந்த வம்பெல்லாம் இல்லை, ‘நீங்கள்’ போன்ற மரியாதை ஒருமையே கிடையாது. பெரியவரையும் ‘நீ’ என்றுதான் அழைக்க வேண்டும், அதற்கு நமக்குத்தான் நா கூசும்.

சொல் வளத்தில் ஆங்கிலம் தெரிந்தவருக்கு இத்தாலியன் வெண்ணெய். தமிழ் மட்டும் போதும் என்றாலும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற உறவு இருக்கிறது: சாவிக்கு ‘கியாவே’, அலமாரிக்கு ‘அர்மாதியோ’, பாதிரிக்கு ‘பாத்ரே’. ஹீப்ருவில் ‘அப்பா’ என்றால் அப்பாவேதான், அது தற்செயல். சலாம்–ஷாலோம் மாதிரி அரபு வழி உறவுகள் சில உண்டு. விவிலியத்தில் சாலொமோனுக்கு வந்திறங்கிய மயில்களைக் குறிக்கும் ‘துக்கி’ நம் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லப்படுகிறது. இன்றைய ஹீப்ருவில் அந்தச் சொல்லுக்குக் கிளி என்று பொருள். இவை நீங்கலாக, ஹீப்ருச் சொற்களை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமானால் இத்தாலியனில் தெரிவு அதிகம். ஸியேனா பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜாவின் சேலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளிதா மூன்றும் செல்லுபடியாகும். இதில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்தேர்ச்சிப் படிகளில் சேலி 2 என்பது ஏ2 அல்ல, பி1. திருமணம் வழியாக இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்களுக்கு 2018 முதல் பி1 கட்டாயம், அதற்கு ஏற்ற எண்ணைப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். ஹீப்ருவில் படிநிலைகள் எழுத்து வரிசையிலேயே ஆலெஃப் முதல் வாவ் வரை ஆறு. உல்பான் எனப்படும் தீவிர வகுப்பு முறைதான் இஸ்ரேலில் அடித்தளம். முதலாவது உல்பான் 1949-இல் ஜெருசலேமில் தொடங்கியது. வழக்கமான முழு வகுப்பு ஐந்து மாதம், சுமார் 500 மணி நேரம். அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும் வேற்றுமொழிக்காரர்கள் பொதுவாக யாஎல் என்ற ஹீப்ருத் தேர்வு எழுத வேண்டும், 50 முதல் 150 வரை மதிப்பெண்.

விவிலியத்தை மூலத்தில் படிக்க மட்டும் ஆசைப்படுபவர் உல்பான் பக்கம் போக வேண்டாம். பழைய ஹீப்ருவில் வினை முன்னால் வரும், ‘வ’ என்ற ஒட்டு காலத்தையே புரட்டிப் போடும், உரையோ முழுக்கப் புள்ளியோடு அச்சாகியிருக்கும். நவீன ஹீப்ருவின் பெரிய தலைவலியான புள்ளியில்லாப் படிப்பு அவர்களுக்குத் தேவையே இல்லை. இத்தாலியனை எடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: நாப்போலி, வெனிஸ், சிசிலி வட்டார மொழிகள் பாடநூல் இத்தாலியனிலிருந்து வெகுதூரம். ஹீப்ருவில் ஊருக்கு ஊர் வழக்கு மாறுவது மிகக் குறைவு.

இரண்டையும் சேர்த்துத் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சின்னச் சொற்கள்தான் காலை வாரும். ‘மா’ ஹீப்ருவில் ‘என்ன’, இத்தாலியனில் ‘ஆனால்’. ‘லோ’ ஹீப்ருவில் ‘இல்லை’, இத்தாலியனில் ‘அதை’. ‘மி’ ஹீப்ருவில் ‘யார்’, இத்தாலியனில் ‘எனக்கு’. இத்தாலியனில் ‘யார்’ என்பது ‘கி’, ஹீப்ருவில் ‘கி’ என்றால் ‘ஏனென்றால்’. ஒன்றில் குறைந்தது ஓராண்டு ஊறிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.